மாத்திரையும் காத்திருத்தலும்

(ஆதரவாளர்கள் கூட்டத்தில் மருத்துவமனை ஆயர் ஆற்றிய உரை)



மனநலப் பிரிவில் கொடுக்கப்படும் மருந்துகளைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசும்படி எங்களைக் கேட்டுக்கொண்டார்கள். நாங்கள் மருத்துவர்கள் அல்ல. படுக்கையருகே உட்கார்ந்து கேட்பதும் ஜெபிப்பதும் எங்கள் வேலை. ஆனாலும் பல ஆண்டுகளாக மருத்துவர்களோடும் செவிலியர்களோடும் நின்று, அவர்கள் நோயாளிகளுக்கு விளக்குவதைக் கேட்டுக் கேட்டு, கற்றுக்கொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறோம்.

எங்களிடம் அடிக்கடி வரும் கேள்விகள் இரண்டு. ஒன்று, "ஐயா, இந்த மாத்திரை மூளைக்குள் போய் என்னதான் செய்கிறது?" மற்றொன்று தாழ்ந்த குரலில் கேட்கப்படும்: "விசுவாசிக்கு இது தேவைதானா?" முதல் கேள்விக்குச் சரியான பதில் கிடைத்தால், இரண்டாவது கேள்வி தானாகவே பாதி கரைந்துபோகிறது. ஆகையால் முதல் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.

மூளையில் நடக்கும் அஞ்சல்

மனித மூளையில் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒரு நரம்பணுவுக்கும் அடுத்ததற்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு இடைவெளி உண்டு. முதல் அணு ஒரு துளி இரசாயனத்தை அந்த இடைவெளியில் விடுகிறது. அக்கரையில் உள்ள அணு அதை வாங்கிக்கொண்டு, செய்தியை அப்பால் அனுப்புகிறது. வேலை முடிந்த இரசாயனத்தை முதல் அணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும், மீதி அழிக்கப்பட்டுவிடும். செரட்டோனின், நார் அட்ரினலின், டோப்பமின் ஆகியவை அப்படிப்பட்ட தூது இரசாயனங்கள்.

நரம்பு இரசாயனத்தின் மூலம் பேசுகிறது என்பதை நிரூபித்தவர் ஆஸ்திரியாவின் கிராஸ் நகரத்தில் இருந்த ஆட்டோ லோவி என்னும் பேராசிரியர். ஈஸ்டர் காலத்து இரவு ஒன்றில் தூக்கத்தினிடையே ஒரு சோதனை முறை அவருக்குத் தோன்றியது. எழுந்து காகிதத்தில் கிறுக்கிவைத்தார். காலையில் அந்த எழுத்தை அவராலேயே வாசிக்க முடியவில்லை. மறு இரவு அதே எண்ணம் மீண்டும் வந்தது. இம்முறை உடனே எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஒரு தவளையின் இருதயத்தை நரம்பின் மூலம் மெதுவாகத் துடிக்கச் செய்து, அதைச் சூழ்ந்திருந்த திரவத்தை எடுத்து இன்னொரு தவளை இருதயத்தில் விட்டார். அதுவும் மெதுவாகத் துடித்தது. 1921-இல் இதை வெளியிட்டார்; 1936-இல் ஹென்றி டேலோடு சேர்ந்து நோபல் பரிசு பெற்றார்.

தேடாமல் கிடைத்த மருந்துகள்

மனச்சோர்வுக்கான முதல் மருந்து, மனச்சோர்வுக்கென்று தேடிக் கண்டுபிடிக்கப்பட்டதல்ல. 1952-இல் நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவிலிருந்த சீ வியூ மருத்துவமனையில், காசநோயாளிகளுக்கு ஐப்ரோனியாசிட் என்ற புது மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நோயின் களைப்பில் படுத்துக் கிடந்தவர்கள் எழுந்து, நன்றாய்ச் சாப்பிட்டு, சிரித்துப் பேசத் தொடங்கினார்கள். அது நுரையீரல் தேறினதால் மட்டும் வந்த மகிழ்ச்சியல்ல என்று மருத்துவர்கள் கவனித்தார்கள். தூது இரசாயனங்களை அழிக்கும் ஒரு நொதியை அந்த மருந்து தடுக்கிறது என்பது தெரிந்தது. 1957-இல் நாதன் கிளைன் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் அதை மனச்சோர்வுக்குப் பயன்படுத்தி வெளியிட்டார்கள். கல்லீரலைக் கெடுத்ததால் அம்மருந்து பிற்பாடு கைவிடப்பட்டது. ஆனாலும் ஒரு கதவு திறந்துவிட்டது.

அதே ஆண்டுகளில் சுவிட்சர்லாந்தின் மூன்ஸ்டர்லிங்கன் மருத்துவமனையில் ரோலண்ட் குன் என்பவர், மனச்சிதைவு நோய்க்கென்று வந்த இமிப்ரமின் என்ற மருந்தைச் சோதித்தார். அந்த நோய்க்கு அது உதவவில்லை. ஆழ்ந்த சோர்வில் இருந்தவர்களுக்கோ அது கைகொடுத்தது. 1957-இல் சூரிச் மாநாட்டில் அவர் இதைப் பற்றிப் பேசினபோது, கேட்க வந்திருந்தவர்கள் ஏறக்குறைய பன்னிரண்டு பேர்தான். இமிப்ரமினும், அதன் உறவான அமிட்ரிப்டிலினும், தூது இரசாயனத்தை அணு திரும்ப உறிஞ்சிக்கொள்ளாதபடி தடுக்கின்றன.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்னும் மூலிகையை நம் நாட்டு வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்திருந்தார்கள். பம்பாயைச் சேர்ந்த டாக்டர் ருஸ்தம் ஜல் வக்கீல், இரத்த அழுத்தத்துக்கு அது உதவுவதை 1949-இல் ஆங்கில மருத்துவ இதழில் எழுதினார். 1952-இல் அதிலிருந்து ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அதை உட்கொண்ட சிலருக்கு ஆழ்ந்த மனச்சோர்வு உண்டானதாக மேல்நாட்டு மருத்துவர்கள் எழுதினார்கள். மூளையின் தூது இரசாயனங்களை ரெசர்பின் வற்றச் செய்கிறது என்பதும் கண்டறியப்பட்டது. ஒரு மருந்து இரசாயனத்தைக் குறைக்கிறது, சோர்வு வருகிறது. இன்னொன்று கூட்டுகிறது, சோர்வு நீங்குகிறது. ஆகையால் மனச்சோர்வு என்றால் இரசாயனக் குறைவுதான் என்ற எண்ணம் 1960-களில் வேரூன்றியது. 1987-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஃபுளுவாக்சிடின், செரட்டோனின் திரும்ப உறிஞ்சப்படுவதை மாத்திரம் குறிவைத்துத் தடுக்கும் மருந்து. இன்று நம் மருந்தகங்களில் அதிகமாகக் கொடுக்கப்படும் எஸ்சிட்டலோபிராம், செர்ட்ராலின் ஆகியவையும் அந்தக் குடும்பமே.

மணிக்கணக்கும் வாரக்கணக்கும்

இங்கே ஒரு புதிர் இருக்கிறது. இந்த மாத்திரையை விழுங்கிய சில மணி நேரத்துக்குள் அந்த இடைவெளியில் செரட்டோனின் கூடத் தொடங்கிவிடுகிறது. ஆனால் நோயாளிக்கு விடிவு தெரிவதற்கு இரண்டு வாரம், நான்கு வாரம், சிலருக்கு ஆறு வாரம்கூட ஆகிறது. வெறும் குறைவை நிரப்புவதுதான் காரியம் என்றால், அன்று மாலையே அவர் தேறியிருக்க வேண்டும் அல்லவா?

ஆகையால், "உங்கள் மூளையில் செரட்டோனின் குறைந்துவிட்டது, மாத்திரை அதை நிரப்புகிறது" என்று முன்பு எளிமையாகச் சொல்லப்பட்ட விளக்கம் போதாது. மனச்சோர்வு உள்ளவர்களிடம் செரட்டோனின் குறைவாக இருக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று 2022-இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொன்னது. இதைக் கேட்டுச் சிலர், "அப்படியானால் மருந்தே வீண்" என்றார்கள். அது சரியல்ல. விளக்கம் குறைவுபட்டது என்பதால் மருந்து பயனற்றதாகிவிடாது. 2018-இல் வெளியான மற்றொரு தொகுப்பு, 522 ஆய்வுகளையும் 1,16,477 நோயாளிகளையும் கணக்கில் எடுத்து, 21 மருந்துகளை ஆராய்ந்தது. மருந்தில்லாத போலி மாத்திரையைவிட அந்த 21-ம் கூடுதலாக உதவுகின்றன என்று கண்டது. அந்தக் கூடுதல் பயன் சராசரியில் மிகப் பெரியதல்ல. சிலருக்கு அதிகமாகவும், சிலருக்குக் குறைவாகவும், சிலருக்கு இல்லாமலும் இருக்கிறது. ஒரு மருந்து உதவாவிட்டால் மருத்துவர் வேறொன்றைக் கொடுத்துப் பார்ப்பது இதனால்தான்.

அப்படியானால் அந்த வாரங்களில் என்ன நடக்கிறது? கூடியிருக்கும் இரசாயனத்துக்கு ஏற்ப அணுக்கள் மெதுவாகத் தங்களைச் சரிப்படுத்திக்கொள்கின்றன. நரம்பணுக்களை வளர்க்கும் ஒருவகைப் புரதம் கூடுதலாகச் சுரக்கிறது. நீண்ட மனஅழுத்தத்தில் சுருங்கின கிளைகள் மீண்டும் தளிர்க்கவும், புதிய இணைப்புகள் உண்டாகவும் மூளை ஆயத்தமாகிறது. இவற்றில் பெரும்பகுதி விலங்குகளிடம் கண்டறியப்பட்டது. மனிதரிடத்திலும் இதுபோலவே நடப்பதாக ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள்.

கிராமத்திலிருந்து வந்திருக்கிறவர்களுக்கு இது எளிதாய் விளங்கும். நாற்றைப் பிடுங்கி நட்ட மறுநாள் வயலைப் பார்த்தால் பயிர் வெளுத்துச் சாய்ந்துதான் இருக்கும். நேற்று பாய்ச்சின தண்ணீர் வீணாயிற்று என்று எந்த விவசாயியும் சொல்லமாட்டார். உள்ளே வேர் பிடித்துக்கொண்டிருக்கிறது. பச்சை கட்டுவது பிறகுதான் வரும்.

ஆபத்தான வாரங்கள்

நன்மை பிந்தி வரும். தொந்தரவோ முந்தி வரும். முதல் வாரத்தில் குமட்டல், வயிற்றுப்போக்கு, தலைவலி, தூக்கக் கேடு, படபடப்பு ஆகியவை சிலருக்கு உண்டாகும். "மாத்திரை என்னை மோசமாக்குகிறது" என்று நிறுத்திவிடுகிறவர்கள் அநேகர். பெரும்பாலும் இவை சில நாட்களில் தணியும்.

இதைவிட முக்கியமானது ஒன்று. 25 வயதுக்கு உட்பட்டவர்களில் சிலருக்கு, மருந்தைத் தொடங்கும் நாட்களிலும் அளவை மாற்றும் நாட்களிலும் தன்னுயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் கூடக்கூடும். அமெரிக்க மருந்துத் துறை 2004-இலும் 2007-இலும் இதைப் பற்றி எச்சரித்தது. எந்த வயதினரானாலும் ஆரம்ப வாரங்களில் அவர்களைத் தனியே விடலாகாது. வீட்டில் பூச்சிமருந்து இருந்தால் அப்புறப்படுத்துங்கள். மாத்திரைகளை ஒருவர் பொறுப்பில் வைத்து அன்றன்றைக்கு எடுத்துக் கொடுங்கள். அவர் சாவைப் பற்றிப் பேசினால், "அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காமல், உட்கார்ந்து கேளுங்கள். அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 2022 அக்டோபர் முதல் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை 14416 என்ற எண்ணில் இயங்குகிறது. இரவும் பகலும் தமிழில் பேசலாம்.

லித்தியம் என்னும் உப்பு

இன்னொரு வியாதி உண்டு. சில மாதம் ஆழ்ந்த சோர்வு. சில மாதம் அளவுக்கு மிஞ்சிய உற்சாகம். தூக்கமில்லை, ஆனாலும் களைப்பில்லை. பேச்சு நிற்காது. கையிலுள்ள பணமெல்லாம் செலவாகும். "நான் விசேஷமாய் அபிஷேகம் பண்ணப்பட்டவன்" என்று சொல்லுகிறவர்களும் உண்டு. ஆராதனையில் அதை எழுப்புதல் என்று எண்ணி மகிழுகிறவர்களும் உண்டு. இதை இருதுருவ மனநோய் என்கிறார்கள். இதற்குக் கொடுக்கப்படுபவை மனநிலையைச் சமன்படுத்தும் மருந்துகள்.

அவற்றில் மூத்தது லித்தியம். பாறைகளிலும் ஊற்றுகளிலும் காணப்படும் ஓர் உப்பு அது. ஜான் கேட் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர், இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூரின் சாங்கி முகாமில் ஜப்பானியரின் கைதியாக மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். ஊர் திரும்பி, மெல்போர்ன் அருகே பண்டூரா மருத்துவமனையில் வேலை செய்தார். வசதியற்ற ஒரு சிறு அறையில் கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்தபோது, லித்தியம் அவற்றை அமைதிப்படுத்துவதைக் கண்டார். முதலில் தாமே உட்கொண்டு பார்த்தார். 1948-இல், ஐந்து ஆண்டுகளாகத் தணியாத எழுச்சியில் இருந்த ஒரு நோயாளிக்குக் கொடுத்தார். சில மாதங்களில் அவர் வீடு திரும்பி, பழைய வேலைக்கே போனார். 1949-இல் பத்து நோயாளிகளைப் பற்றிக் கேட் எழுதி வெளியிட்டார்.

இந்தக் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். வீடு போன அந்த மனிதர் மருந்தை விட்டுவிட்டார். நோய் திரும்பி வந்தது. மீண்டும் மருத்துவமனைக்கு வந்தார். 1950-இல், உடலில் லித்தியம் அளவுமீறி அதன் நச்சினாலேயே மரித்தார். லித்தியத்தின் மேன்மையும் அதன் ஆபத்தும் அந்த ஒரே மனிதரின் வாழ்வில் வெளிப்பட்டுவிட்டன. டென்மார்க்கின் மோகன்ஸ் ஷூ முதலானோர் இரத்தத்தில் அளவைப் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் முறையை நிலைநாட்டின பின்பே அது பாதுகாப்பான மருந்தாயிற்று. அமெரிக்கா 1970-இல்தான் அனுமதித்தது.

லித்தியம், அணுக்களின் நடுவே உள்ள இடைவெளியில் அல்ல, பெரும்பாலும் அணுவின் உள்ளேயே வேலை செய்கிறது. செய்தி வந்தவுடன் அணுவுக்குள் நடக்கும் தொடர்வேலைகளில் மிஞ்சிப்போனதை அது அடக்குகிறது என்று சொல்லுகிறார்கள். தற்கொலையைக் குறைப்பதாக நல்ல சான்றுள்ள மருந்து அது. வால்ப்ரோயேட், கார்பமசெபின், லாமோட்ரிஜின் ஆகியவை முதலில் காக்காய்வலிப்புக்கு வந்தவை. நரம்பணுக்கள் கட்டுமீறிப் பாய்வதைத் தடுக்கின்றன. ஆயினும் வால்ப்ரோயேட் கர்ப்பத்திலிருக்கும் பிள்ளையைக் கடுமையாய்ப் பாதிக்கும். அந்தத் தாய்மாருக்குப் பிறக்கும் பத்துக் குழந்தைகளில் ஒன்றுக்கு உடற்குறை வருகிறது. மூன்று அல்லது நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் குறை உண்டாகிறது. ஆகையால் திருமணத்துக்கு நிற்கும் பெண்ணின் வியாதியை மருத்துவரிடம் மறைப்பது நல்லதல்ல. மருத்துவர் அறிந்தால் வேறு மருந்துக்கு மாற்ற வழியுண்டு.

மற்றொன்று. இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால், சில வேளை எழுச்சி தூண்டப்படும். முன்பு ஒரு காலத்தில் தூக்கமில்லாமல் திரிந்ததுண்டா, கடன் வாங்கிச் செலவழித்ததுண்டா என்று மருத்துவர் கேட்பது வீண்விசாரணை அல்ல. வீட்டார் உண்மையைச் சொல்ல வேண்டும்.

சபையார் அறிய வேண்டியவை

லித்தியம் உட்கொள்ளுகிறவருக்குத் தண்ணீரும் உப்பும் குறைந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். தண்ணீர்கூட இல்லாமல் மூன்று நாள் உபவாசம் என்று சபையில் கூறும்போது, இப்படிப்பட்டவர்களை அதில் சேர்க்கக் கூடாது. அவர்கள் ஜெபத்தில் மட்டும் கலந்துகொள்ளட்டும். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் கோடை வெயில், கடையில் தானாய் வாங்கும் சில வலி மாத்திரைகள் இவையும் ஆபத்தானவை. கை மிகவும் நடுங்கினால், நாக்குக் குழறினால், நடை தள்ளாடினால், அடுத்த வேளை மாத்திரையைக் கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவாருங்கள். இரத்தத்தில் லித்தியம் அளவையும், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றையும் மருத்துவர் சொல்லும் காலந்தோறும் பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று: நிறுத்துதல். சுகம் தெரிந்ததும், "இனி எதற்கு?" என்று தோன்றும். மனச்சோர்வில் தேறின பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது மருந்தைத் தொடரும்படி மருத்துவர்கள் சொல்லுகிறார்கள். திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், மின்சாரம் தாக்கினது போன்ற உணர்வு உண்டாகும். சிலருக்கு நோயே திரும்பும். லித்தியத்தைத் திடீரென்று விட்டால் எழுச்சி சீக்கிரமாய்த் திரும்பக்கூடும். நிறுத்துவதானாலும் மருத்துவர் சொல்லும்படி, படிப்படியாகவே நிறுத்த வேண்டும்.

ஒரு சகோதரி எங்கள் வார்டில் தேறி வீடு போனார். ஒரு சுகமளிக்கும் கூட்டத்தில், மாத்திரையை எறிந்துவிடுவதே விசுவாசத்தின் அடையாளம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் உத்தமமாய்க் கீழ்ப்படிந்தார். இரண்டு மாதத்துக்குள் அவருடைய மகன் அவரைத் தூக்கிக்கொண்டு எங்களிடம் வந்தான். "அம்மா ஜெபிக்கவே மாட்டேன் என்கிறார்கள், ஐயா" என்று அழுதான். விசுவாசத்தை நிரூபிக்கச் சொன்ன காரியம் ஜெபிக்கும் பெலனையே அவரிடமிருந்து எடுத்துப்போட்டது. மீண்டும் மருந்து தொடங்கி ஆறாவது வாரத்தில்தான் அவர் தாமாக வேதத்தைக் கேட்டு வாங்கினார்.

எலியாவை நினைத்துப் பாருங்கள். கர்மேலில் பெரிய காரியத்தைக் கண்டவன், சூரைச்செடியின் கீழே சாவை விரும்பிப் படுத்துக்கொண்டான். தூதன் வந்து அவனைக் கடிந்துகொள்ளவில்லை. விசுவாசக் குறைவைப் பற்றிப் பிரசங்கிக்கவும் இல்லை. தூங்கவிட்டு, தட்டியெழுப்பி, அடையும் தண்ணீரும் கொடுத்தான். இரண்டாந்தரமும் அப்படியே செய்தான். கர்த்தர் பேசினது அதற்குப் பிறகு, நாற்பது நாள் நடந்து ஓரேபில் சேர்ந்தபோதுதான். சரீரத்தைத் தேற்றுவதைத் தேவன் அற்பமாக எண்ணவில்லை.

அதேவேளையில் மாத்திரையால் எல்லாம் ஆகிவிடாது. அது கடனை அடைக்காது. குடிக்கிற புருஷனைத் திருத்தாது. மரித்த பிள்ளையைத் திரும்பத் தராது. மனம்விட்டுப் பேசும் சிகிச்சையும், வேலையும், நல்ல உறவுகளும் வேண்டும். லேசான சோர்வுக்கு மருந்தில்லாமல் பேச்சுச் சிகிச்சையே போதுமாயிருக்கலாம். கடுமையான சோர்வில் மருந்து செய்வது இதுதான்: புதைந்து கிடக்கிறவர் எழுந்து, இந்த உதவிகளை ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அவருக்குப் பெலன் தருகிறது.

அன்பானவர்களே, 2015-16-இல் நிம்ஹான்ஸ் நிறுவனம் நடத்திய தேசியக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஏறக்குறைய 20 பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு நோயில் விழுகிறார். அவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கும் மேல் சிகிச்சை பெறவில்லை. உங்கள் சபையில் 200 பேர் இருந்தால் இது யாரோ எவரோ அல்ல.

உங்கள் காணிக்கையால் மாத்திரை வாங்கிக் கொடுக்க முடியும். இரத்தப் பரிசோதனை செய்ய முடியும். அதற்காக உங்களுக்கு நன்றி. ஆனால் மாத்திரை விழுங்கின நாளுக்கும் முகம் மலரும் நாளுக்கும் நடுவே இருக்கிற அந்த நான்கு அல்லது ஆறு வாரத்தை எந்தக் காணிக்கையாலும் குறைக்க முடியாது. அதைக் கடக்க ஒரு மனிதர் பக்கத்தில் வேண்டும். அந்த வாரங்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் அவர் வீட்டுக்குப் போய், அரைமணி நேரம் உட்காருங்கள். காபி போட்டுக் கொடுங்கள். மாத்திரை எடுத்தாரா என்று கேளுங்கள். "இன்னுமா சரியாகவில்லை?" என்று மட்டும் கேட்காதிருங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கிற நாளில் அவரோடுகூட பேருந்து ஏறி வாருங்கள். நாங்கள் வாசலில் உங்கள் இருவரையும் வரவேற்போம்.

தேவ சமாதானம் உங்கள் யாவரோடும் இருப்பதாக. ஆமென்.